ஒரு பேஷுக்காக எழுந்த பெருநூல்: யாகூத் அல்ஹமவீ (ரஹ்) விட்டுச் சென்ற பாடம்

 

சென்ற ஆண்டு ஒருநாள் மத்ரஸாவில் ஹுனைன் போரின் வரலாற்றைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தோம். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு அப்போரில் கிடைத்த பொருட்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் பங்கிட்டுக் கொடுத்த இடம் மக்காவுக்கும் தாயிஃபுக்கும் இடையில் உள்ளது. அங்கிருந்தே இஹ்ராம் அணிந்து அவர்கள் உம்ராவும் செய்தார்கள். அவ்விடத்தின் பெயரை "ஜிஃரானா" என்று வாசித்து மேலே செல்ல முற்பட்டோம். முன்வரிசையில் அமர்ந்திருந்த பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், எங்கள் நன்னா இதை 'ஜிஇர்ரானா' என்று சொல்வார்கள். அவர்களுடைய கிதாபில் அப்படித்தான் ஹரகத் போட்டிருக்கிறது" என்றார்.

"கையில் இருக்கும் கிதாபைப் பார். வீட்டில் கேட்டதையெல்லாம் வகுப்புக்குக் கொண்டு வராதே" என்று கூறி அவரை அமர வைத்துவிட்டோம். மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாடம் தொடர்ந்தது.

அன்றிரவு மனம் அமைதி கொள்ளவில்லை. நம்மிடம் இருந்த "முஃஜமுல் புல்தான்" என்னும் நூலை எடுத்து, ஜீம் எழுத்தின் பகுதியைப் புரட்டினோம். ஹதீஸ் அறிஞர்கள் ஐன் எழுத்துக்கு ஜேர் இட்டு, ரா எழுத்தை அழுத்தி ஓதுகிறார்கள் என்றும், மொழி வல்லுநர்கள் ஐனை ஸுகூனாக்கி, ராவை மென்மையாக ஓதுகிறார்கள் என்றும் அங்கே எழுதப்பட்டிருந்தது. மதீனாவாசிகளின் வழக்கு ஒன்று, இராக்வாசிகளின் வழக்கு மற்றொன்று என்பதை அதைச் சொன்ன ஹதீஸ் கலை இமாமின் பெயருடன் பதிவு செய்துவிட்டு, இரண்டும் நல்ல அறிவிப்புகளே என்று ஆசிரியர் முடித்திருந்தார். ஆக, நாம் வாசித்தது தவறன்று. அந்தச் சிறுவரின் நன்னா சொன்னதும் தவறன்று. தவறு முழுவதும் நாம் அவரை அமர வைத்த விதத்தில் இருந்தது.

ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு மனிதர், ஒரு ஊர்ப் பெயரின் ஒரு குறிக்காக இத்தனை சிரமம் எடுத்துக்கொண்டது ஏன்? அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

பஃக்தாதின் அடிமைச் சந்தையில்

அந்நூலின் ஆசிரியர் யாகூத் இப்னு அப்துல்லாஹ் அல்ஹமவீ அர்ரூமீ (ரஹ்) அவர்கள். ஏறத்தாழ கி.பி. 1179ஆம் ஆண்டு ரோம அரசின் நிலப்பகுதியில், கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறு வயதிலேயே பிடிக்கப்பட்டு, பஃக்தாதுக்குக் கொண்டுவரப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டார். அவரை விலைக்கு வாங்கியவர், ஹமா நகரைப் பூர்வீகமாகக் கொண்ட அஸ்கர் என்னும் வணிகர். பெற்றோர் இட்ட பெயர் என்னவென்று அறிய வழியில்லை. யாகூத் என்றால் மாணிக்கக் கல். அடிமைகளுக்கு விலையுயர்ந்த பொருட்களின் பெயரை வைப்பது அக்கால வழக்கம். அல்ஹமவீ என்பது எஜமானரின் ஊரால் வந்தது. அர்ரூமீ என்பது பறிகொடுத்த தாய்மண்ணால் வந்தது. ஊர்ப் பெயர்களின் பேரகராதியைத் தொகுத்தவருக்குத் தம் சொந்தப் பெயர்கூட இவ்வாறு பிறரால் அமைந்ததே!

எஜமானர் அஸ்கருக்கு எழுத்துத் தேர்ச்சி இல்லை. தம் வணிகக் கணக்குகளை எழுத ஒருவர் வேண்டும் என்பதற்காக யாகூதை மக்தபில் சேர்த்தார். கணக்கு எழுதக் கற்ற சிறுவர், இலக்கணமும் மொழியும் கற்றார். வளர்ந்ததும் எஜமானரின் சரக்குகளுடன் பாரசீக வளைகுடாவில் உள்ள கீஷ் தீவுக்கும், உமானுக்கும், ஷாம் தேசத்துக்கும் பயணம் செய்தார். துறைமுகங்களும் சந்தைகளும் அவருக்கு இரண்டாவது மக்தபாயின.

ஹிஜ்ரி 596இல் (கி.பி. 1199-1200) இருவருக்கும் மனக்கசப்பு ஏற்பட்டது. எஜமானர் அவரை விடுதலை செய்து அனுப்பிவிட்டார். கையில் முதலில்லை, உறவென்று எவருமில்லை. அவர் கூலிக்கு நூல்களைப் படியெடுத்து வயிறு கழுவினார். படியெடுத்த ஒவ்வொரு நூலும் அவருக்குப் பாடமாயிற்று. பின்னர் எஜமானர் மனமிரங்கி அழைத்து, மீண்டும் சரக்குடன் கீஷுக்கு அனுப்பினார். அவர் திரும்பி வந்தபோது எஜமானர் இறந்துவிட்டிருந்தார். யாகூத் தம் கையிலிருந்த பொருளிலிருந்து, எஜமானரின் மனைவிக்கும் மக்களுக்கும் அவர்கள் மனம் நிறையும் அளவு கொடுத்தார். எஞ்சியதை முதலாக்கி நூல் வணிகத்தைத் தொடங்கினார். பண விஷயத்தில் காட்டிய அதே அமானத்தை இல்மிலும் காட்டினார் என்பதைப் பின்னர் காண்போம்.

அவர் குறையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. ஹிஜ்ரி 613இல் திமிஷ்கின் கடைத்தெருவில் நடந்த ஒரு விவாதத்தில் அலீ (ரலி) அவர்களைப் பற்றிப் பேசக்கூடாததைப் பேசி, மக்களின் சினத்துக்கு ஆளாகி, அந்நகரை விட்டு ஓட நேர்ந்ததாக வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் (ரஹ்) எழுதுகிறார். அங்கிருந்து ஹலப், மோஸுல், இர்பில் என்று நகர்ந்து, குராஸானை அடைந்தார். அந்தப் பயணமே அவரை மர்வ் நகருக்குக் கொண்டு சேர்த்தது.

ஹுபாஷாவா, ஹபாஷாவா?

இன்றைய துர்க்மெனிஸ்தானில் பாழடைந்து கிடக்கும் மர்வ், அன்று குராஸானின் தலைசிறந்த நகரங்களுள் ஒன்று. ஹிஜ்ரி 615இல் (கி.பி. 1218) அங்கே ஓர் அறிஞர் சபை கூடியிருந்தது. "அல்அன்ஸாப்" நூலின் ஆசிரியரான இமாம் ஸம்ஆனீ (ரஹ்) அவர்களின் மகனார் அச்சபைக்குத் தலைமை தாங்கினார். ஒரு ஹதீஸில் வரும் சந்தையின் பெயரைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அது அறியாமைக் காலத்தில் மக்காவுக்குத் தெற்கே திஹாமா பகுதியில் கூடிய சந்தை.

"அது ஹுபாஷா, முதல் எழுத்துக்குப் பேஷ் வரும்" என்று யாகூத் கூறினார். பல குலத்தவர் ஒன்றுகூடிய கூட்டத்தைக் குறிக்கும் சொல் அது, சந்தைக்குப் பொருத்தமான பெயர் என்பது அவருடைய வாதம். சபையிலிருந்த ஹதீஸ் அறிஞர் ஒருவர், "இல்லை, அது ஹபாஷா" என்று சாதித்தார். சான்று கேட்டபோது சான்று தரவில்லை. ஆனால் தம் சொல்லை விடவுமில்லை.

யாகூத் நூல்களில் தேடினார். மொழி நூல்களும் அகராதிகளும் குவிந்திருந்த நகரம் அது. ஆயினும் அந்த ஒரு சொல்லை உறுதிப்படுத்தும் வரி அப்போது கிடைக்கவில்லை. பின்னர் வெகுவாகத் தேடிய பிறகே கிடைத்தது. அது அவர் சொன்னதற்கு ஒத்திருந்தது. ஆனால் அவர் வென்றுவிட்டோம் என்று மகிழ்ந்து நிற்கவில்லை. இடப்பெயர்களை எழுத்தெழுத்தாக உறுதி செய்து தரும் ஒரு நூல் உம்மத்துக்குத் தேவை என்று உணர்ந்தார். முஃஜமுல் புல்தான் இவ்வாறு ஒரு பேஷிலிருந்து தொடங்கியது.

இதை வாசிக்கும்போது நமக்கு நாணமே மிஞ்சியது. அச்சபையில் சான்றின்றிச் சாதித்தவரின் இருக்கையில் அல்லவா நம் வகுப்பறையில் நாம் அமர்ந்திருந்தோம்!

குறியில்லா எழுத்தும் குழம்பிய ஊரும்

ஒரு குறிக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று சிலர் கேட்கலாம். அரபு எழுத்தில் குறில் உயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. வழக்கிலுள்ள சொல்லைப் பழக்கத்தால் வாசித்துவிடலாம். கேள்விப்படாத ஊரின் பெயரை எப்படி வாசிப்பது? நம் தமிழிலும் இத்தகைய இடர் இருந்ததுதான். பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி இருக்கும். சொல் தெரிந்தவரே சுவடியை வாசிக்க முடியும். அரபியில் இதனுடன் புள்ளிகள் இடம் மாறும் இடரும் சேர்ந்தது. படியெடுப்பவரின் கை ஒரு புள்ளியைத் தவறவிட்டால் ஓர் ஊர் மறைந்து மற்றோர் ஊர் முளைத்துவிடும்.

நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பிழையையே எடுத்துக்கொள்வோம். பெருமானார் (ஸல்) அவர்கள் சிறு வயதில் அபூதாலிபுடன் வணிகக் கூட்டத்தில் சென்றபோது பஹீரா என்னும் துறவி அவர்களைக் கண்ட செய்தியைச் சொல்லும்போது, சிலர் அந்த ஊரை "பஸ்ரா" என்று கூறிவிடுகிறார்கள். அது ஷாம் தேசத்தின் "புஸ்ரா". இராக்கின் பஸ்ராவோ உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் அமைக்கப்பட்ட நகரம். அந்தப் பயணம் நடந்தபோது பஸ்ரா பிறக்கவே இல்லை. ஒரு குறி மாறியதும் ஊர் மாறியது. ஊர் மாறியதும் வரலாறே நடவாத ஒன்றாகிவிட்டது. மார்க்கத்தைக் குறை தேடும் கண்ணோடு கேட்பவருக்கு இந்த ஒரு பிழை போதும்.

ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதும் உண்டு. மர்வ் என்ற பெயரில் இரண்டு, தராபுலுஸ் என்ற பெயரில் ஷாமில் ஒன்று, மேற்கே லிபியாவில் ஒன்று. ஒரே பெயருடைய இடங்களைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே யாகூத் தனியாக ஒரு நூல் எழுதினார்.

மர்வின் நூலகங்கள்

இத்தகைய பெரும் பணிக்கு வேண்டிய நூல்களை ஒரு நூல் வணிகர் எங்கே பெற்றார்? அதற்கு அவரே நன்றியுடன் விடை சொல்கிறார். மர்வில் அன்று வக்ஃப் செய்யப்பட்ட பத்து நூலகங்கள் இருந்தன. அவற்றுள் இரண்டு ஜாமிஆ மஸ்ஜிதிலேயே இருந்தன. அவ்விரண்டில் அஸீஸிய்யா என்பதில் மட்டும் ஏறத்தாழ 12,000 நூல்கள். அதை வக்ஃப் செய்தவர், முற்காலத்தில் மர்வின் சந்தையில் பழங்களும் மணப்பூண்டுகளும் விற்றவர். பின்னர் சுல்தான் ஸன்ஜரின் அரண்மனைப் பணியில் உயர்ந்தவர். மற்றொரு நூலகம் புகழ்பெற்ற அமைச்சர் நிஸாமுல் முல்குடைய மத்ரஸாவில் இருந்தது. ஸம்ஆனீ குடும்பத்தாருக்கு இரண்டு நூலகங்கள் இருந்தன.

நூல்களை இரவல் வாங்குவது அங்கே மிக எளிதாக இருந்தது. அவருடைய இல்லத்தில் எந்நேரமும் 200 நூல்கள் வரை இருக்குமாம். பெரும்பாலானவற்றுக்கு அடமானமே கேட்கமாட்டார்களாம். ஊர் பேர் தெரியாத, முன்னாள் அடிமையான ஓர் வெளியூர்க்காரரை நம்பி 200 நூல்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய ஒரு சமூகத்தை எண்ணிப் பாருங்கள். அந்த நூல்களின் மீது கொண்ட காதலால் ஊரையும் குடும்பத்தையும் மறந்ததாகவும், தம் நூலில் உள்ள பயன்களில் பெரும்பகுதி அந்த நூலகங்களிலிருந்து பெற்றதே என்றும் அவர் எழுதுகிறார். தாத்தாரியர் வந்திராவிட்டால் மரணம் வரை அவ்வூரை விட்டுப் பிரிந்திருக்க மாட்டேன் என்கிறார்.

ஆனால் தாத்தாரியர் வந்தார்கள். ஹிஜ்ரி 616இல் குவாரஸ்முக்குச் சென்ற அவர், அதைவிடச் செழிப்பான நிலத்தைத் தாம் கண்டதில்லை என்று குறித்துவைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் அந்நிலம் சூறையாடப்பட்டது. ஜெங்கிஸ்கானின் படைகள் நெருங்கவே யாகூத் எல்லாவற்றையும் விட்டு ஓடினார். பசியும் கந்தல் ஆடையுமாக ஹிஜ்ரி 617இல் (கி.பி. 1220) மோஸுலை அடைந்தார். தாம் கண்ட அவலங்களை ஹலபில் இருந்த அமைச்சரும் அறிஞருமான ஜமாலுத்தீன் அல்கிஃப்தீ அவர்களுக்குக் கடிதமாக எழுதினார். கி.பி. 1221ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெங்கிஸ்கானின் மகன் துலூயின் படைகள் மர்வை அழித்தன. மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். அந்தப் பத்து நூலகங்களும் அத்தோடு முடிந்தன.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்த நூல்களில் யாகூத் படித்துக் குறித்துக்கொண்டவை தப்பிப் பிழைத்தன. அவர் குறிக்காமல் விட்டவற்றுள் எத்தனை மண்ணோடு மண்ணாயின என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். அவர் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்டிருந்தால் என்னவாகியிருக்கும்?

நூலின் அமைப்பு

நூலின் முதல் வரைவை ஹிஜ்ரி 621இல் (கி.பி. 1224) முடித்தார். அதை அல்கிஃப்தீ அவர்களின் நூலகத்துக்கு உரித்தாக்கினார். அதன் முன்னுரையில், பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் நிலையைக் காணுமாறு திருக்குர்ஆன் அழைப்பதை நினைவூட்டி, ஊர்களை அறிவதும் மார்க்கத் தேவையே என்று நிறுவுகிறார். ஹதீஸ் அறிவிப்பாளரின் ஊரை அறியாமல் அறிவிப்பாளரை அறிய முடியாது. ஒரு நிலம் சமாதான உடன்படிக்கையால் வந்ததா, போரால் வந்ததா என்பதை அறியாமல் அதன் கராஜ் வரியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆகவே ஃபகீஹுக்கும் முஹத்திஸுக்கும் மருத்துவருக்கும் வானநூலாருக்கும் இந்த அறிவு வேண்டும் என்கிறார்.

அகராதிக்கு முன்பாக ஐந்து அத்தியாயங்கள் வருகின்றன. முதலாவது பூமியின் வடிவம் பற்றியது. தட்டை என்போர் கருத்தையும் வேறு பல கருத்துகளையும் எடுத்துச் சொல்லிவிட்டு, பூமி பந்து போல உருண்டை, முட்டையின் நடுவே மஞ்சட்கரு இருப்பது போல வானமண்டலத்தின் நடுவே இருக்கிறது என்னும் கருத்தே நம்பத்தக்கது என்கிறார். பூமி நடுவே நிற்கிறது என்பதை இன்றைய வானியல் ஏற்காது. ஆயினும் உருண்டை என்பதில் அவர் காலத்து அறிஞர் பெருமக்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை. இரண்டாவது அத்தியாயம் உலகின் ஏழு இக்லீம்களைப் பற்றியது. மூன்றாவது மைல், ஃபர்ஸக், பரீத் போன்ற அளவைகளையும் ஆட்சிப் பிரிவுகளின் பெயர்களையும் விளக்குவது. மூன்று மைல் ஒரு ஃபர்ஸக், பதினாறு ஃபர்ஸக் கடந்தால் கஸ்ர் தொழுகை என்று ஃபிக்ஹு பாடத்தில் நம் பிள்ளைகள் மனனம் செய்கிறார்களே, அந்த அளவைகள்தாம் இவை. நான்காவது நிலங்கள் குறித்த சட்டம். ஐந்தாவது நாடுகளைப் பற்றிய பொதுச் செய்திகள்.

பிறகு அலிஃப் முதல் யா வரை ஊர்கள் வரிசையாக வருகின்றன. பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய குறியை முதலில் சொல்லால் எழுதுகிறார். குறியை வெறும் கோடாக இட்டால் படியெடுப்பவர் விட்டுவிடுவார். "முதல் எழுத்துக்குப் பேஷ்" என்று சொல்லாக எழுதிவிட்டால் எளிதில் மறையாது. பிறகு சொல்லின் பொருள், ஊர் இருக்கும் இடம், கிடைத்தால் அதன் அகலாங்கும் நெட்டாங்கும், அதை வென்றவர், அங்கே பிறந்த அறிஞர்கள் என்று செய்திகள் தொடர்கின்றன. புவியியல், வரலாறு, மொழி, ஹதீஸ், கவிதை அனைத்தும் ஒரே தலைப்பின் கீழ் சேர்கின்றன. சில ஊர்களுக்கு ராசியும் இலக்கினமும் குறித்திருக்கிறார். அது அக்கால வழக்கம். அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

நம் பக்கத்து நிலங்களும் அதில் உண்டு. மலீபார் என்னும் தலைப்பில், பல ஊர்களைக் கொண்ட பெருநிலம் அது என்றும், அங்கிருந்து மிளகு உலகெங்கும் செல்கிறது என்றும் எழுதி, மஞ்சரூர் முதலிய ஊர்களின் பெயரையும் தருகிறார். அது இன்றைய மங்களூர். ஸரன்தீப் என்னும் தலைப்பில் இலங்கைத் தீவைச் சொல்லி, ஆதம் (அலை) அவர்கள் இறங்கியதாகக் கூறப்படும் மலையின் பெயர் ரஹூன் என்கிறார். நம் முன்னோர் பாவாதமலை என்று சொல்லிச் சென்ற அதே மலை.

கண்டதும் கேட்டதும்

யாகூத் அவர்களிடம் நாம் கற்க வேண்டிய பாடங்களில் மிகப் பெரியது, கண்டதையும் கேட்டதையும் அவர் கலக்காமல் வைத்திருப்பதே.

அலெக்ஸாந்திரியாவின் கலங்கரை விளக்கத்தைப் பற்றி அக்காலத்தில் வியப்பூட்டும் கதைகள் உலவின. அதன் உச்சியில் ஒரு கண்ணாடி இருந்ததாம், அதில் பார்த்தால் கடலுக்கு அப்பாலுள்ள கப்பல்களும் தெரியுமாம். யாகூத் அங்கே சென்றார். அறிஞர்கள் சிலருடன் சேர்ந்து அதைச் சுற்றிப் பார்த்தார். கோட்டையை ஒத்த ஒரு சதுரக் கட்டடம், அவ்வளவுதான் என்று எழுதினார். தங்களுக்கு வியப்பளித்தது அக்கட்டடம் அன்று, அதைப் பற்றிக் கதை கட்டியவர்களின் துணிச்சலே என்ற பொருள்பட எழுதி, அதன் தோற்றத்தை வரைந்தும் காட்டினார். அந்தக் கதை முஸ்லிம் நாட்டின் பெருமையைக் கூட்டும் கதைதான். ஆயினும் பொய்யால் வரும் பெருமை அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

சீனாவைப் பற்றி எழுதும்போது, முன்னோர் ஒருவரின் பயணச் செய்திகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, கண்டபடியே எடுத்து எழுதினேன், இதன் உண்மைக்கு நான் பொறுப்பேற்கவில்லை என்று தெளிவுபடுத்துகிறார். அது தொலைதூர நாடு, அதன் உட்பகுதி வரை சென்று வந்த எவரையும் தாம் கண்டதில்லை, வணிகர்கள் அதன் ஓரங்களையே அடைகிறார்கள் என்று காரணமும் சொல்கிறார்.

நம் கைப்பேசிகளில் நாள்தோறும் வந்து விழும் செய்திகளை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்ன கருவியை முதலில் கண்டுபிடித்தவர் முஸ்லிம், இன்ன விஞ்ஞானி இஸ்லாத்தைத் தழுவிவிட்டார் என்று எவர் எழுதியது, எங்கிருந்து வந்தது என்று அறியாமலேயே நாம் அனுப்பிவிடுகிறோம். மார்க்கத்தின் மீதுள்ள அன்பினால்தான் அனுப்புகிறோம். ஆனால் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளை ஒருநாள் அது பொய்யென்று கண்டுகொண்டால், நாம் சொல்லிய உண்மைகளையும் சேர்த்தல்லவா ஐயுறும்? கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்று நம் தலைவர் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். இஸ்னாத் என்னும் அறிவிப்புத் தொடரை உலகுக்குக் கற்றுத் தந்த சமுதாயம், "இது யார் சொன்னது?" என்று கேட்கக் கூச்சப்படலாமா?

இறுதி நாட்கள்

யாகூத் அவர்கள் தம் நூலைச் சுருக்கிவிட வேண்டாம் என்று முன்னுரையில் மன்றாடிக் கேட்டுக்கொண்டார். சுருக்குவது உடலின் உறுப்புகளை வெட்டுவதற்கு ஒப்பாகும் என்பது அவர் கருத்து. ஆயினும் ஒரு நூற்றாண்டு கழிந்த பின் "மராஸிதுல் இத்திலாஃ" என்னும் பெயரில் அது சுருக்கப்படவே செய்தது. முழு நூலும் பிழைத்தது. ஜெர்மானிய அறிஞர் வுஸ்டன்ஃபெல்டு அதை 1866 முதல் 1873 வரை லைப்சிக்கில் அச்சிட்டார். பின்னர் அரபு நாடுகளிலும் பலமுறை அச்சாகியது.

ஹிஜ்ரி 625இல் ஹலபில் அந்நூலைத் திருத்தமாகப் படியெடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ரமளானில் (கி.பி. 1229), ஹலபுக்கு வெளியே பயணிகள் தங்கும் ஒரு கானில் அவருடைய உயிர் பிரிந்தது. தம் நூல்களைப் பஃக்தாதில் உள்ள ஒரு மஸ்ஜிதுக்கு வக்ஃப் செய்திருந்தார். அவற்றைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் (ரஹ்) அவர்களிடம் ஒப்படைத்திருந்தார். அவர் எந்நகரில் அடிமையாக விற்கப்பட்டாரோ, அந்நகருக்கே அவருடைய நூல்கள் தர்மமாகச் சென்றன. அவர் மறைந்த சில வாரங்களில் கல்வி தேடி ஹலபுக்கு வந்த இளைஞர் இப்னு கல்லிகான், ஊரே அவரைப் புகழ்ந்துகொண்டிருக்கக் கண்டார். அவரைச் சந்திக்கும் பேறு தமக்கு வாய்க்கவில்லையே என்று வருந்தினார்.

நம் வீட்டுப் பரணில்

மறுநாள் வகுப்பில் அந்த மாணவரை அழைத்து, அனைவர் முன்னிலையிலும், "உன் நன்னா சொன்னதும் சரி. சான்று கேளாமல் உன்னை அமர வைத்தது நம் தவறு" என்று கூறினோம். யாகூத் எழுதியதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினோம். அன்று மாலையே அந்தப் பெரியவரைக் காண அவர் இல்லத்துக்கும் சென்றோம்.

எண்பதைக் கடந்தவர். நடந்ததைச் சொன்னதும் சிரித்துவிட்டு, தம் இளமையில் ஓதிய கிதாபை எடுத்துவரச் சொன்னார். பழுப்பேறிய பக்கத்தின் ஓரத்தில், ஜிஇர்ரானா என்ற பெயருக்கு அருகே, இன்ன உஸ்தாதிடம் இவ்வாறு கேட்டேன் என்று அரபுத்தமிழில் ஒரு வரி எழுதியிருந்தது. மேலும் இருக்கின்றனவா என்று கேட்டோம். "பரணில் மூன்று பெட்டி இருந்தது. ஒன்றைக் கறையான் தின்றுவிட்டது" என்றார்கள் வீட்டார். அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று பெரியவரைத் தவிர எவருக்கும் தெரியவில்லை. அவருக்கும் பாதி மறந்துவிட்டது.

மர்வை அழிக்க ஒரு படை தேவைப்பட்டது. நம் வீட்டு நூல்களை அழிக்கக் கறையான் போதும், நம் அலட்சியம் போதும்.

அன்புச் சகோதர சகோதரிகளே! எல்லோரும் பேரகராதி எழுத வேண்டியதில்லை. உங்கள் மஹல்லாவின் தெருவுக்கு அப்பெயர் ஏன் வந்தது, உங்கள் பள்ளிவாசலை முதலில் கட்டியவர் யார், அதற்கு நிலம் வக்ஃப் செய்தவர் யார், உங்கள் பாட்டனார் எந்த உஸ்தாதிடம் ஓதினார் என்பவற்றை இந்த வாரமே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். சொன்னவரின் பெயரையும் நாளையும் சேர்த்து எழுதுங்கள். இருவர் இரு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுங்கள். பரணில் பெட்டி இருந்தால் இறக்கித் துடைத்து, உள்ளே இருப்பதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், நம்மைப் போல் அமர வைத்துவிடாதீர்கள். சேர்ந்து தேடுங்கள்.

அந்தப் பெரியவரின் எஞ்சிய இரு பெட்டிகளையும் நம் மாணவர்கள் இப்போது வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பட்டியல் எடுக்கிறார்கள். பட்டியலை எழுதுபவர் அந்தப் பன்னிரண்டு வயது மாணவர்தான். ஒவ்வொரு பெயருக்கும் தவறாமல் ஹரகத் இடுகிறார்.

அல்லாஹ் யாகூத் அவர்களின் பிழைகளை மன்னித்து, அவர்களின் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக. நமக்குப் பயனுள்ள கல்வியையும், அதை அமானத்தாகப் பேணும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.